கைக்கும் ஓர் அகவை உண்டு

நம் இல்லங்களில் குழந்தையின் கல்வி நாவிலிருந்து தொடங்குகின்றது. பால்மணம் மாறாத மழலைக்கு முதலில் 'பிஸ்மி' சொல்லித் தருகின்றோம். கலிமாவைச் சொல்லித் தருகின்றோம். உண்ணும் முன்னும் உறங்கும் முன்னும் ஓத வேண்டியவற்றை மடியில் இருத்தி ஓதி வைக்கின்றோம். நான்கு அகவை நிரம்பும் வேளையில் உற்றாரை அழைத்து, இனிப்பு வழங்கி, ஓதும் பள்ளிக்கு அனுப்பி வைக்கின்றோம். கேட்டதைக் கேட்டவாறே திருப்பிச் சொல்லும் ஆற்றலை இறைவன் நாவுக்கு இளமையிலேயே வழங்கியிருக்கின்றான். அது விரைந்து கற்கின்றது.

கை அத்துணை விரைவாகக் கற்பதில்லை. நாவினை மூத்த பிள்ளை என்று கொண்டால் கையினை இளைய பிள்ளை எனலாம். மூத்தவன் ஓடுகின்றான் என்பதற்காக, தத்தி நடைபயிலும் இளையவனையும் உடன் ஓடுமாறு விரட்டும் பெற்றோர் எவரும் இலர். எனினும், 'அ, ஆ' எனப் பிழையின்றிச் சொல்லிவிட்ட குழந்தையின் கையில் அன்றைக்கே பென்சிலைத் திணித்து, சொன்னதை எழுதுமாறு பணிக்கின்றோம். எழுத வரவில்லையெனில், "சொல்லத் தெரிகிறது, எழுத மட்டும் சோம்பலா?" எனக் கடிந்து கொள்கின்றோம். இக்கட்டுரையில் நாம் உரைக்க விழைவது ஒன்றே. கைக்கும் ஓர் அகவை உண்டு. அவ்வகவை வரும்வரை கையை ஆயத்தம் செய்வதே எழுத்துப் பயிற்சியின் முதற்பாடம்.

தமிழக முஸ்லிம் குழந்தையின் சுமை சற்று மிகுதி என்பதையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். காலையில் ஓதும் பள்ளியில் அரபு எழுத்துகள் 28. பகலில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக 52. அதனோடு தாய்மொழியாம் தமிழின் எழுத்துகள் 247. இவற்றுள் இரண்டு இடமிருந்து வலமாகச் செல்வன. ஒன்று வலமிருந்து இடமாகச் செல்வது. பெரியவர்களாகிய நம்மில் எத்தனை பேர் ஐம்பது அகவையில் மூன்று புதிய எழுத்து முறைகளை ஒரே ஆண்டில் கற்கத் துணிவோம்? நான்கு அகவைக் குழந்தையோ நம் விருப்பத்திற்காக அதனைத் தலைமேற்கொள்கின்றது.

நம் பேத்தி ஒருத்தி மூன்றரை அகவையில் ஒரு பள்ளியில் சேர்க்கப்பட்டாள். சேர்ந்த மூன்றாம் வாரத்திலிருந்தே நாள்தோறும் ஒரு பக்கம் 'அ', ஒரு பக்கம் ஆங்கில 'ஏ' என வீட்டுப்பாடம் வரலாயிற்று. அவள் பென்சிலைப் பற்றும் பற்றில் விரல் நுனிகள் இரத்தமற்று வெளுத்துப் போகும். அழுத்தம் தாளாமல் தாள் கிழியும். சில நாள்களில் நோட்டுப் புத்தகமே காணாமற் போயிற்று. தேடிப் பார்க்கையில் அது அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. "ஏன் மா இப்படிச் செய்தாய்?" என்று அவள் தாய் உரக்கக் கேட்டதற்கு, அக்குழந்தை தன் உம்மும்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக் கொண்டு, "கை வலிக்குது உம்மும்மா" என்ற ஒரே விடையைத் தந்தாள்.

குழந்தை பொய் கூறவில்லை. உடற்கூற்று நூலார் கூறுவதும் அதுவே. மனிதனின் மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை. மெல்லிய குருத்தெலும்பாக இருக்கின்றன. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டிப்பட்டு எலும்பாகின்றன. நான்கு அகவைக் குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், எட்டில் ஏறத்தாழப் பாதியே படத்தில் தென்படும். இறுதி எலும்பு தென்படுவதற்குக் குழந்தைக்குப் பத்து அகவை அளவில் ஆகிவிடும். கையின் ஆற்றலும் ஓர் ஒழுங்கில்தான் வளர்கின்றது. முதலில் தோள் உறுதி பெறும், அதன்பின் முழங்கை, அதன்பின் மணிக்கட்டு, இறுதியாகவே விரல் நுனி. தோளும் மணிக்கட்டும் நிலைபெறாத குழந்தையிடம் விரல் நுனியின் வேலையைக் கேட்பது, அடித்தளம் உலருமுன் மாடி எழுப்புவதை ஒக்கும்.

ஒன்றரை அகவைக் குழந்தை கரித்துண்டை உலக்கையைப் பற்றுவது போல் முட்டியால் பற்றும். பின்னர் விரல்கள் அனைத்தும் சேர்ந்து பற்றும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் கூடி எழுதுகோலைத் தாங்கும் முறையான பிடி, பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு முதல் ஆறு அகவைக்குள்தான் அமைகின்றது. வரையும் ஆற்றலும் அவ்வாறே படிப்படியாக வருவது. மூன்று அகவை அளவில் நேர்க்கோடும் வட்டமும் வரும். நான்கில் கூட்டல் குறி வரும். நான்கரை அளவில் சதுரம் வரும். சாய்கோடுகள் கூடிய முக்கோணம் ஐந்து அகவை கடந்தே வரும். ஓரிரு திங்கள் முன்பின்னாவது இயல்பு. இந்த அளவுகோலை வைத்துக் கொண்டு நம் 'அ' என்னும் எழுத்தை நோக்குவோம். அதில் சுழி ஒன்று, அதனைச் சுற்றிய வளைவு ஒன்று, குறுக்குக் கோடு ஒன்று, நெடுங்கோடு ஒன்று. சதுரமே வரைய வராத கைக்கு இதுவா முதற்பாடம்?

எழுத்து வரிசையைக் குறை கூறுகின்றோம் என எவரும் எண்ண வேண்டா. தமிழ் நெடுங்கணக்கு ஒலியின் அடிப்படையில் அமைந்த அரிய வரிசை. உயிர் முன்னே நிற்கின்றது. மெய்களில் வல்லினமும் அதற்கு இனமான மெல்லினமும், க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என, தொண்டையின் அண்மையிலிருந்து இதழை நோக்கி நிரலாக வருகின்றன. அது நாவுக்கென வகுக்கப்பட்ட வரிசை. அரபு எழுத்துகளின் இன்றைய வரிசையோ பெரிதும் வடிவத்தின் அடிப்படையில் அமைந்தது. முதலில் அலிஃப், ஒரே ஒரு நேர்க்கோடு. அடுத்து பா, தா, ஸா. மூன்றுக்கும் ஒரே தோணி வடிவம். கீழே ஒரு புள்ளி, மேலே இரு புள்ளி, மேலே முப்புள்ளி என்பதே வேறுபாடு. ஜீம், ஹா, கா மூன்றுக்கும் அவ்வாறே உடல் ஒன்று, புள்ளி வேறு. கைக்கு இது எளிய வரிசை. ஒரு வடிவம் படிந்துவிட்டால் மூன்று எழுத்துகள் கைவந்துவிடும்.

இவ்வேறுபாட்டை உணர்ந்த பெற்றோருக்கு வழி எளிதில் புலனாகும். தமிழ் எழுத்துகளைச் சொல்லும்போது நெடுங்கணக்கு வரிசையிலேயே சொல்லட்டும். எழுதும்போது வடிவ வரிசையில் எழுதட்டும். 'ட' என்பது கீழே இறங்கி வலப்புறம் செல்லும் இரு கோடுகள். அதனோடு மேலேறும் ஒரு கோடு சேர்ந்தால் 'ப'. அதன் வலப்பக்கம் உள்நோக்கி வளைந்தால் 'ம'. இம்மூன்று கைவந்ததும் 'படம்', 'மடம்', 'பட்டம்' எனப் பொருளுள்ள சொற்களை எழுதிவிடலாம். மேலே வைக்கும் புள்ளி ஒன்றே கூடுதல். தான் எழுதிய கோடுகள் ஒரு சொல்லாகப் பேசுவதைக் காணும் குழந்தையின் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. சுழியும் வளைவும் மிக்க அ, இ, ஐ போன்றவை அதன்பின் வரட்டும். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை, னை, ளை, ணா, றா, னா முதலியவற்றின் தனி வடிவங்கள் நீங்கின. பிஞ்சுக் கையின் சுமை அவ்வளவுக்குக் குறைந்தது நற்பேறே.

எழுதுகோலுக்கு முன் மணல் என்பது நம் முன்னோர் கண்ட முறை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினர். மணல் விரலின் போக்கை உடனே காட்டும்; தவறினால் தடவி அழித்துவிடலாம்; செலவும் இல்லை. 1789 முதல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு தம் பள்ளியில் கைக்கொண்டார். தாயகம் திரும்பி, 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரால் அது ஆங்கில நாட்டுப் பள்ளிகளில் பரவியது. இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார், 1907இல் ரோம் நகரில் தாம் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி உணருமாறு செய்தார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்; போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். கையை முதலில் ஆயத்தம் செய்க, எழுத்து பின்னர்த் தானே வரும் என்பதே அவர் முறையின் சாரம். கடல் கடந்து சென்ற நம் மணலை நாமே மறந்துவிட்டு, மூன்றரை அகவைக்கு நான்கு கோட்டு நோட்டு வாங்குகின்றோம்.

நம் பேத்தியின் கதைக்கு வருவோம். நம் இல்லத்தரசி எந்நூலையும் படித்துப் பார்க்கவில்லை. குழந்தையை அடுப்பங்கரைக்கு அழைத்துச் சென்றார். ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையை அவள் கையில் கொடுத்து, உருட்டவும் தட்டவும் கிள்ளவும் விட்டார். அடுத்த நாள் பூண்டு உரிக்கும் வேலை. மறுநாள் எலுமிச்சை பிழியும் வேலை. துணி உலர்த்தும் கொடியில் கிளிப்பு மாட்டும் பொறுப்பு அவளுடையதாயிற்று. பெருவிரலும் சுட்டுவிரலும் வலுப்பெற அதனினும் நல்ல பயிற்சி வேறில்லை. அறுந்து கிடந்த தஸ்பீஹ் மணிகளை நூலில் கோக்கச் செய்தார். பெருநாள் இரவில் ஈர்க்குச்சியால் மருதாணி தொட்டுத் தன் உள்ளங்கையில் தானே புள்ளி வைக்கச் செய்தார். சின்னஞ்சிறு மணிகளை வாயில் போட்டுக் கொள்ளாதவாறு அருகிலேயே இருந்து பார்த்துக் கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரு திங்கள் கழிந்தபின் முற்றத்துச் சுவரில் கருஞ்சாயம் பூசி, ஒரு விரற்கடை நீளமே உள்ள சுண்ணக்கட்டித் துண்டுகளைத் தந்தோம். துண்டு சிறிதாக இருந்தால் முட்டியால் பற்ற இயலாது. மூன்று விரல் பிடி தானே அமையும். சுவரில் எழுதினால் மணிக்கட்டு மேல்நோக்கி நிமிர்ந்து வலுப்பெறும்; தோளும் உறுதிப்படும். விருந்துக்குப் பயன்படாமல் கிடந்த பழைய சஹன் ஒன்றில் கடற்கரை மணலைப் பரப்பி, "கீழே இறங்கு, அப்படியே வலப்பக்கம் போ" எனச் சொல்லிக் கொண்டே 'ட' எழுதச் செய்தோம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் இல்லை. இதற்கிடையே நம் மகள் பள்ளிக்குச் சென்று வகுப்பாசிரியையிடம் பேசினாள். அவர் நல்லுள்ளம் கொண்டவர். "எங்களுக்கும் தெரியும் மா. நோட்டு நிரம்பாவிட்டால் பெற்றோரே வந்து குறை சொல்கிறார்களே" என்றாராம். ஒரு பக்கம் மூன்று வரியாகக் குறைந்தது. ஐந்தாம் அகவை பிறந்தபின் ஒரு நாள், எவரும் கேளாமலே பென்சிலை எடுத்து 'உம்மா' என எழுதிக் கொண்டு வந்து காட்டினாள். எழுத்துகள் கோணலாகத்தான் இருந்தன. விரல் நுனிகள் வெளுத்திருக்கவில்லை.

இரு திசை எழுத்துகளைக் கற்கும் நம் குழந்தைகள் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி எழுதுவதைக் கண்டு அஞ்சுவோர் உளர். ஒரே எழுத்து முறையைக் கற்கும் குழந்தைகளும் ஆறு, ஏழு அகவை வரை அவ்வாறு எழுதுவதுண்டு. காலப்போக்கில் தானே திருந்திவிடும். அரபுக்கும் தமிழுக்கும் தனித்தனிப் பலகையும் தனித்தனி நேரமும் வைத்து, எழுதத் தொடங்கும் ஓரத்தில் ஒரு வண்ணப் புள்ளியிட்டுத் தந்தால் குழப்பம் பெரிதும் குறையும்.

இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைகளைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியுள்ளது. பத்தில் ஒருவர் என்னும் அளவில் மனிதருள் இடக்கைக்காரர் உள்ளனர். நம் சமுதாயத்தில் இக்குழந்தைகள் படும் பாடு கொஞ்சமன்று. எழுதும்போது இடக்கையில் அடி விழுகின்றது. கையைக் கட்டிவைத்த வீடுகளையும் நாம் கண்டிருக்கின்றோம். உண்பதற்கும் பருகுவதற்கும் வலக்கையைப் பழக்குவது நம் ஒழுக்கம். அதனை அன்போடு பழக்குவோம். எழுதும் கை எதுவென்பது மூளையின் அமைப்பைச் சார்ந்தது. அதனை அமைத்தவன் இறைவன். அடித்துத் திருத்த முயன்றால் எழுத்தும் கெடும்; குழந்தையின் துணிவும் கெடும். இடக்கையால் தமிழ் எழுதுகையில், எழுதியதை அக்கையே மறைக்கும். தாளைச் சற்று வலப்புறம் சாய்த்து வைத்தால் சரியாகும். அரபு எழுதுகையிலோ அவ்விடர் இல்லை. எழுதியது முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஆகவே, ஓதும் பள்ளி உஸ்தாதுமார்கள் அக்குழந்தைகளிடம் கூடுதல் பரிவு காட்டுதல் வேண்டும் எனப் பணிந்து கேட்டுக் கொள்கின்றோம்.

"இனி எல்லாம் கைப்பேசியில்தானே? எழுதிப் பழகுவது எதற்கு?" எனக் கேட்கும் இளைஞர்களும் உண்டு. 2012இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ் என்பாரும் அவருடைய துணைவரும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். இன்னும் படிக்கத் தொடங்காத சிறாரிடம் சில எழுத்துகளைத் தாமே பார்த்து எழுதுமாறும், சிலவற்றைப் புள்ளிக் கோட்டின் மேல் எழுதுமாறும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டுமாறும் கூறினர். பின்னர் அவ்வெழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தனர். தாமே பார்த்து எழுதிய எழுத்துகளைக் கண்டபோதுதான், படிப்பதற்குரிய மூளைப் பகுதிகள் முனைப்பாக இயங்கின. இதில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. கண்ணாடித் திரையைத் தடவும் விரல் எழுத்தைக் கற்பதில்லை என்பது ஒன்று. புள்ளி எழுத்தின் மேல் பக்கம் பக்கமாக எழுதச் செய்வதும் போதாது என்பது மற்றொன்று. குழந்தை தானே பார்த்து, தானே தடுமாறி, தானே எழுதும் ஐந்து எழுத்துகள் அத்தகைய ஐம்பது எழுத்துகளினும் மேலானவை.

எழுதுகோலைப் போற்றும் மார்க்கம் நம்முடையது. அண்ணலாருக்கு முதன்முதல் அருளப்பெற்ற வசனங்களிலேயே அது குறிப்பிடப்பெறுகின்றது; திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் அதன் பெயரையே தாங்கி நிற்கின்றது. பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதித்தறியாத நம் பாட்டிமார்களில் பலர் அரபுத்தமிழில் எழுதவும் படிக்கவும் அறிந்திருந்தனர். இலங்கையிலும் இரங்கூனிலும் வணிகம் செய்த கணவன்மாருக்கு அவர்கள் எழுதிய மடல்களில், வீட்டுச் செய்தியும் ஏக்கமும் அவர்தம் கையெழுத்திலேயே கடல் கடந்தன. நம் வீட்டுப் பழைய பெட்டியில் அத்தகைய மடல் ஒன்று இன்றும் உள்ளது. எழுதியவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும், அவ்வெழுத்தின் சாய்வைக் கண்டவுடன், "இது உம்மாவின் கை" என நம் வாய் தானே சொல்லும். அத்தகைய உறவு கைக்கும் எழுத்துக்கும் இடையே முளைவிடும் பருவம் மூன்று முதல் ஆறு அகவை வரை. அப்பருவத்தில் அதனைக் கண்ணீரால் நனைத்துவிட்டால், பின்னர் எத்துணை நூல்களை வாங்கிக் குவித்தாலும் எழுத்தின் மீது வெறுப்பே எஞ்சும்.

அரசின் கொள்கையும் இன்று இதற்கு மாறாக இல்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 3 முதல் 8 வரையிலான அகவையை அடித்தளப் பருவம் எனக் குறித்து, விளையாட்டின் வழியும் செயலின் வழியும் கற்பித்தலையே வற்புறுத்துகின்றது. எஞ்சியிருப்பது பெற்றோராகிய நம் மனமாற்றமே. நோட்டு நிரம்பியதா என ஆசிரியையிடம் கேட்பதை விடுத்து, குழந்தை மணலில் விளையாடியதா, மாவு பிசைந்ததா, கத்தரிக்கோலால் தாள் வெட்டியதா எனக் கேட்போம். ஐந்து அகவை கடந்தும் பொத்தான் மாட்டவோ, கரண்டி பிடிக்கவோ, எளிய கோடு வரையவோ ஒரு குழந்தை மிகவும் இடர்ப்பட்டால், சோம்பல் எனத் திட்டாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுவோம். தக்க பயிற்சியால் சீர்பெறும் குழந்தைகள் பலர். ஜமாஅத்துகள் தம் மக்தபுகளில், சிறார்க்கென ஒரு மணல் தட்டும் தாழ்வான கரும்பலகை ஒன்றும் வைக்கலாம். அதற்காகும் செலவு ஒரு வேளை விருந்தின் செலவில் நூறில் ஒரு பங்கும் இராது.

வீட்டுக்குள் இன்றே தொடங்கலாம். நாளைக் காலை மாவு பிசையும்போது ஓர் உருண்டையைக் குழந்தையின் கையில் கொடுங்கள்.